புரட்டாசியில் திறந்த மீன் கடை

மதுரையில் மீன் கடை திறக்க வருசத்தில் பதினோரு மாசம் இருக்கிறது. சார் மிச்சமிருந்த ஒன்றைப் பிடித்தார்.

சார் என்றதும் எனக்குப் பாடம் எடுத்தவர் என்று நினைக்க வேண்டாம். என் படிப்பு அஞ்சாவதோடு முடிந்துவிட்டது. அவர் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். காளவாசலில் அவர் வாடகைக்குப் பிடித்த சின்னக் கடைக்குத் தரையும் சுவரும் நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். வாத்தியார் யாராக இருந்தாலும் எதிரே நின்றால் என் கை தானாகக் கட்டிக்கொள்ளும். கையில் சிமென்ட் கரண்டி இருந்தாலும் அப்படித்தான்.

மகள் பிரசவத்துக்காக சாரும் அவர் மனைவி டீச்சரும் இங்கிலாந்து போய் ஆறு மாசம் இருந்திருக்கிறார்கள். டீச்சரும் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான். அங்கே டீச்சர் பத்தியச் சோறு ஆக்கினார், பிள்ளையைக் குளிப்பாட்டினார். சார் தெருமுனைக்கு நடந்துபோய் மீன் தின்றார். மாவில் முக்கிப் பொரித்த மீனும் விரல் தண்டிக்கு வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கும் அந்த ஊர் ஆட்களுக்கு நம் புரோட்டா மாதிரியாம். திரும்பி வந்ததும் அதே கடையை இங்கே போடுவது என்று முடிவு பண்ணிவிட்டார். உட்கார்ந்து தின்ன இடமில்லை, பார்சல் மட்டும். ‘பிஷ் அண்ட் சிப்ஸ்’ என்று போர்டு மாட்டினார்கள்.

திறப்பு விழா நோட்டீஸை சார் கடையில் வேலை பார்த்த எங்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். தேதியைப் பார்த்தேன். புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.

அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் நாமம் போட்டுக்கொண்டு அழகர்கோவில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவார்கள். மீன் என்று சொன்னாலே வாயைக் கழுவுகிற ஆட்களும் உண்டு. வயரிங் பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீசியன் ஏணியிலிருந்து குனிந்து என் காதருகே வந்தான்.

“அண்ணே, பாத்தீகளா?”

“பாத்தேன்.”

“சொல்லுங்க.”

“நீ சொல்லு மாப்ள.”

“நான் சொல்லி, அவரு கோவிச்சுக்கிட்டு மீதிக் கூலியத் தராம விட்டா? உங்களுக்குத்தான் வயசு இருக்கு.”

“வேணும்னே அன்னைக்கு வச்சிருப்பாரோ என்னவோ. படிச்சவரு.”

“ஆமாண்ணே. படிச்சவரு. ஏதாச்சும் கணக்கு இருக்கும்.”

இப்படிப் பேசிப் பேசியே நாங்கள் இருவரும் சாரைக் குழியில் இறக்கிவிட்டோம்.

திறப்பன்று பாஸ்டர் வந்து ஜெபம் செய்தார். எல்லாரும் கண்ணை மூடினோம். கடையை ஆசீர்வதித்தார், தெருவை ஆசீர்வதித்தார், காளவாசல் சிக்னலை ஆசீர்வதித்தார். சட்டியில் கிடந்த மீனுக்கு ஆமென் எப்போது வரும் என்று தெரியாது. அது பாட்டுக்குக் கருகியது. வந்தவர்கள் அத்தனை பேரும் சபைக்காரர்கள், அத்தனை பேருக்கும் இலவசம். தெருவில் போனவர்கள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, சட்டியைப் பார்த்ததும் சாணியை மிதித்தவர்கள் போல ஒதுங்கிப் போனார்கள்.

என் நெற்றியில் பட்டையாக நாமம். சார் அதைப் பார்த்துக்கொண்டே என் கையில் ஒரு அட்டைப் பெட்டியைத் திணித்தார்.

“சாப்பிட்டுட்டு நேர்மையா சொல்லணும் தம்பி. நீ பொய் சொல்ல மாட்டே. ஏன்னா நீ பேசவே மாட்டே.”

“வீட்ல போயி சாப்பிடுறேன் சார்” என்று கிளம்பிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைக்கும் எனக்கும் என்றைக்கும் ஒத்துவந்ததில்லை.

கோச்சடையில் வீட்டு வாசலை மிதிப்பதற்குள் என் மனைவி மோப்பம் பிடித்துவிட்டாள்.

“என்னத்தக் கொண்டு வந்திருக்கீக?”

“சார் குடுத்தாரு.”

“விசம் குடுத்தாலும் வாங்கிட்டு வருவீகளா? சனிக்கிழமையும் அதுவுமா! அங்கேயே நில்லுங்க. உள்ள வந்தீக, அம்புட்டுத்தான்.”

பெட்டியோடு தெருவிலேயே நின்றேன். மீனை எதிர்வீட்டு நாய்க்கு வைத்தேன். கிழங்கு மட்டும் மிச்சம் இருந்தது. கிழங்குக்கு என்ன விரதம் என்று நாலு எடுத்து வாயில் போட்டேன். மீன் பொரித்த எண்ணெயிலேதான் அதையும் பொரித்தார்கள் என்று அஞ்சாவதைத் தின்னும்போது ஞாபகம் வந்தது. ஆனால் அன்றைக்கு அழகருக்கு மலையடிவாரத்தில் அவ்வளவு கூட்டம். கோச்சடையில் ஒருத்தன் கிழங்கு தின்பதை அவர் எங்கே பார்க்கப் போகிறார்? மீதியையும் தின்றேன்.

அதற்குப் பிறகு வேலைக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கடையைத் தாண்டித்தான் போனேன். வெள்ளை ஏப்ரன் கட்டிக்கொண்டு சார் கண்ணாடிக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். ஆளே இருக்காது. நான் ஒட்டிய டைல்ஸ் மட்டும் பளபளவென்று இருக்கும். ஆள் வராத கடையில் தரை எப்படி அழுக்காகும்? நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை முறுக்குவேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். அடுப்புக்குப் பின்னால் சுவரில் ஒரு டைல் பெயர்ந்துவிட்டதாம். போனேன். பழைய பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இதை ஒட்டி என்ன ஆகப்போகுது? இந்த மாசக் கடைசியோட கடையைச் சாத்திடலாம்னு இருக்கேன்.”

நான் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.

“ஜனங்களுக்கு என் மீன் பிடிக்கலை. சபைக்காரங்க வாய்க்கு வாய் நல்லாருக்குன்னாங்க, ஒருத்தர்கூடத் திரும்பி வரலை. டீச்சர் அன்னைக்கே சொன்னா, இந்த வயசுல எதுக்குன்னு.” என் பக்கம் திரும்பினார். “நீயும் சாப்பிட்டியே. என்ன குறை? நேரா சொல்லு.”

வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்கிற பழக்கம் எனக்கு இன்னமும் போகவில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நான் சாப்பிடலை சார்.”

“ஏன்?”

“புரட்டாசி சார்.”

“அதனால?”

“யாரும் சாப்பிட மாட்டாக சார். கவுச்சியே தொட மாட்டாக. மாசம் பூரா.”

சார் என்னைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். அது சபையில் கொடுத்த காலண்டர். அதில் வசனம் இருந்தது, புரட்டாசி இல்லை.

“இது உனக்கு முதல்லயே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“எல்லாருக்கும் சார். எலக்ட்ரீசியனுக்கு, பெயின்டருக்கு, போர்டு மாட்டினவருக்கு…”

உள்ளே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த டீச்சர் தலையை நீட்டினார். “எனக்கும் தெரியும்.”

“உனக்குமா? ஏன் சொல்லலை?”

“என்கிட்ட கேட்டா தேதி வச்சீங்க? புரட்டாசியில கறிக்கடையில கூட்டம் இருக்காது, நல்ல கறியா பாத்து வாங்கலாம்னு வருசாவருசம் சொல்றேன். என்னைக்காவது காதுல வாங்கியிருக்கீங்களா? தட்டுல விழுந்தா திம்பீங்க.”

சார் ஏப்ரனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “அப்ப மீன் மேல தப்பு இல்லையா?” என்றார். அம்புட்டு சந்தோசம் அந்தக் குரலில்.

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். எனக்குக் கொடுத்த மீனைத் தின்ற ஒரே ஆள் எதிர்வீட்டு நாய். அது எதுவும் சொல்லவில்லை.

“ஐப்பசி ஒண்ணாந்தேதி வாரேன் சார். சாப்பிட்டுட்டு சொல்றேன்.”

“அன்னைக்கு நீ சொல்றதை வச்சுத்தான் மூடுறதா நடத்துறதான்னு முடிவு” என்றார் சார். இருபது பேர் கொண்ட சபை கமிட்டிக்குக் கொடுக்காத அதிகாரத்தை எனக்குக் கொடுத்துவிட்டார். டைலை அன்று கோணலாக ஒட்டி, மறுபடி பெயர்த்து, மறுபடி ஒட்டினேன்.

ஐப்பசி ஒன்றாம் தேதி ஊரே பிரியாணிக் கடைகளில் விழுந்து கிடந்தது. நான் தனியாகப் போகப் பயந்து மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். சார் தன் கையாலேயே பொரித்துப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார். வினிகர் பாட்டிலையும் நீட்டினார். கடை வாசலில் நின்றபடியே பிய்த்து வாயில் வைத்தேன்.

மேலே மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே வெள்ளைவெளேரென்று வெந்த மீன். முள் இல்லை. காரம் இல்லை. மஞ்சள், பூண்டு எதுவும் இல்லை. பெரியாஸ்பத்திரியில் வயிற்றுப்போக்குக்காரனுக்குக் கொடுக்க மீன் பொரித்தால் இப்படித்தான் பொரிப்பார்கள். சார் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சரும் பார்த்தார்.

“நல்லா…” என்று ஆரம்பித்தேன்.

என் மனைவி முழங்கையால் இடுப்பில் இடித்தாள்.

“…வெந்திருக்கு சார். ஆனா மீன்ல எதுவும் தடவல. நாங்க மஞ்சள், மிளகாத்தூள், பூண்டு, உப்பு போட்டுப் பிசறி ஒரு மணி நேரம் ஊற வச்சுத்தான் பொரிப்போம்.” நான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி வருசக்கணக்காகிறது.

“அதெல்லாம் போட்டா அது இங்கிலாந்து மீனா இருக்காதேப்பா” என்றார் சார்.

“இப்ப மட்டும் என்ன சார்,” என்றாள் என் மனைவி, “ராமேஸ்வரத்துப் பாறை மீன்தானே?”

டீச்சர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. சார் சிரிக்கவில்லை. அதுவரை என் வாயையே பார்த்து நின்ற மனுசன் முகம் தொங்கிப்போய் உள்ளே போனார். கடையை மூடவைத்துவிட்டோம் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“பூண்டு எம்புட்டு?”

என்னைக் கேட்கிறாரா டீச்சரைக் கேட்கிறாரா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றேன். என் மனைவி செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மாசக் கடைசி வந்தது. கடை மூடவில்லை. இப்போது இரண்டு தட்டு வைத்திருக்கிறார்கள், வெள்ளை ஒன்று, மசாலா தடவிய சிவப்பு ஒன்று. சிவப்பு சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். வெள்ளையைக் கேட்டு யாராவது வந்தால் சார் ஸ்டூலை விட்டு எழுந்துவந்து கை கொடுக்கிறார்.

போன வாரம் வேலை முடிந்து வரும்போது எனக்கே ஆசையாக இருந்து வண்டியை நிறுத்தினேன். சார் தலையைத் தூக்கவில்லை. “என்ன வேணும், சீக்கிரம் சொல்லு, பின்னால ஆள் நிக்குது” என்றார். எது, எத்தனை என்று நான் யோசித்து வாயைத் திறப்பதற்குள் பின்னால் நின்ற பொம்பளை என் தோளுக்கு மேலே கையை நீட்டி, “அண்ணே, சிவப்பு நாலு” என்றாள். சார் அவளுக்குக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.