நான் வழிமொழியாத தீர்மானம்

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறியது போலத்தான் இருக்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு முடிந்தது. எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பது இன்றும் சரியாகப் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது சாஆ என்ற சிற்றூர்ப் பக்கத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். கல்யாணத்துக்குப் பிறகு செனாய்க்கு வந்து பிளாஸ்டிக் பை செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான். வெள்ளை மணிகளாக வரும் பிளாஸ்டிக்கை இயந்திரம் உருக்கி ஊதி, ஒரு நீண்ட பலூனாகக் கூரை உயரத்துக்கு இழுக்கும். மேலே போனதும் அது தட்டையாகி உருளையில் சுற்றிக்கொண்டு இறங்கும். அதை வெட்டி ஒட்டினால் கைப்பிடி வைத்த பை. மீன் வாங்கினாலும் ரொட்டி வாங்கினாலும் போட்டுக் கொடுக்கிறார்களே, அதேதான். பலூன் சாயாமல், கிழியாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. யாரோடும் பேச வேண்டியதில்லை. பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்காது. எனக்கு அது ஒத்துப்போனது.

கட்சியில் நானாகப் போய்ச் சேரவில்லை. எங்கள் தாமான் குடியிருப்பில் கால்வாய் அடைத்துக்கொண்டபோது கிளைத் தலைவர் அலைந்து திரிந்து அதைச் சரிசெய்து கொடுத்தார். பிறகு உறுப்பினராகச் சேரச் சொன்னார். மறுக்க வாய் வரவில்லை.

கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்காருவேன். ஆனாலும் எனக்கென்று ஒரு வேலை அமைந்துவிட்டது. எந்தத் தீர்மானத்தையும் ஒருவர் முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். முன்மொழிகிறவர் எழுந்து நின்று பேச வேண்டும். வழிமொழிகிறவர் கையைத் தூக்கினால் போதும். ஒரு முறை யாருமே தூக்காமல் தலைவர் தவித்துக்கொண்டிருந்தபோது நான் தூக்கினேன். அதிலிருந்து எல்லாவற்றுக்கும் நான்தான். கணக்கறிக்கை, தெருவிளக்கு, தமிழ்ப்பள்ளிக்குப் புதுக் கட்டடம், எதுவாக இருந்தாலும் என் கை எழும். “நம்ம கை வந்துருச்சா? அப்ப கூட்டத்த ஆரம்பிக்கலாம்” என்று தலைவர் கேலி செய்வார்.

ஒரு முறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடைசெய்ய வேண்டும் என்று கட்சித் தலைமை அறிவித்தது. பை, உறிஞ்சுகுழல், சாப்பாடு கட்டும் வெள்ளை நுரைப்பெட்டி எல்லாம் அதில் அடக்கம். ஒவ்வொரு கிளையும் ஆதரித்துத் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் தொழிற்சாலையில் மேலாளர் எங்களைக் கூட்டி வைத்துப் பேசினார். தடை வந்தால் கைப்பிடிப் பை செய்யும் இயந்திரங்களை நிறுத்திவிடுவார்களாம். குப்பைப் பை பிரிவில் எல்லோருக்கும் இடம் இருக்காதாம். என் வயதில், என் படிப்புக்கு, வேறு எங்கும் எடுக்க மாட்டார்கள்.

தடை தவறு என்று நான் நினைக்கவில்லை. சிகாமட்டில் வெள்ளம் வடிந்த பிறகு தங்கை வீட்டில் சேறு அள்ளப் போயிருக்கிறேன். ஆற்றோர வேலி முழுக்கப் பைகள் தொங்கின. எங்கள் பைகளும் அதில் இருந்திருக்கும். நான் எடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் தடை சரி என்பது வேறு, என் வேலையை நிறுத்தச் சொல்லி நானே கை தூக்குவது வேறு.

“காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்லயே இருங்களேன்” என்றாள் மனைவி.

“போவலன்னா வந்து கேப்பாங்க. போயி சும்மா உக்காந்திருப்பேன். வேற யாராச்சும் தூக்குவாங்க.”

கூட்டத்தில் மகளிர் பிரிவுத் தலைவி தீர்மானத்தை வாசித்து நன்றாகப் பேசினார். “ஒரு பைய நாம கடையிலேருந்து வீடு வரைக்குந்தான் புடிக்கிறோம். அது நம்ம பேரப்புள்ளைங்க காலத்துலயும் மக்காம கெடக்கும்” என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

“வழிமொழிய?” என்றார் தலைவர், என் பக்கம் திரும்பாமலே. நான் அசையவில்லை. குறிப்பு எழுதிக்கொண்டிருந்த கிளைச் செயலாளரும் தலையைத் தூக்கவில்லை.

“எழுதியாச்சு தலைவரே” என்று என் பெயரை வாசித்தார்.

கை தூக்காமல் இருந்தால் போதும் என்று வந்தவனுக்கு, பெயரை முன்பே எழுதியிருப்பார்கள் என்று தோன்றவே இல்லை. தலைவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் எழுந்தேன். நாற்காலி தரையில் கீச்சென்று இழுபட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

“நான் கை தூக்கல.”

“என்னாண்ணே?” என்றார் செயலாளர்.

“கை தூக்கல. பேர எடுத்துடுங்க.”

“எழுந்து நின்னு பேசுறாருய்யா! இன்னிக்கு மழதான்” என்றார் தலைவர். சிரிப்பு அடங்கியதும், “தீர்மானத்த எதுக்குறீங்களா?” என்று கேட்டார்.

“எதுக்கல.”

“அப்பறம்?”

“அந்தப் பைய செய்யிறது நாந்தான்.”

யாரோ மெதுவாக “ஐயோ, அலமாக்” என்றார்கள். நான் தொழிற்சாலையில் வேலை செய்வது அவர்களுக்குத் தெரியும். என்ன தொழிற்சாலை என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

மகளிர் தலைவி என் பக்கம் திரும்பினார். “அண்ணே, வேல போனா கட்சி சும்மா வுட்டுடுமா? வேற வேலைக்கு ஏற்பாடு பண்ண மாட்டோமா?”

“என் மச்சானுக்கும் இதத்தான் சொன்னீங்க” என்றார் முன்வரிசையில் இருந்த லாரி ஓட்டுநர். “இன்னும் என் வீட்லதான் படுத்துக் கெடக்கான் லா.” மறுபடியும் சிரித்தார்கள்.

தலைவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப ஒரு வரி சேத்துக்குவோம். வேல செய்யிறவங்களுக்கு மாத்து வேல குடுத்துட்டுத்தான் தடைன்னு. அப்ப தூக்குவீங்களா?”

தூக்கியிருப்பேன். அதற்குள் செயலாளர், “தலைமை அனுப்புனத மாத்தக் கூடாது தலைவரே. அப்படியே போடணும்” என்றார். தலைவர் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். செயலாளர் என் பெயரை அடித்தார்.

“வேற யாரு?”

“சரி, நான் தூக்குறேன். சோறு ஆறிப்போவுது” என்று லாரி ஓட்டுநர் கையைத் தூக்கினார். பிறகு ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். எதிர்ப்பவர்கள் யாரும் இல்லை. இரண்டு முறையும் நான் தூக்கவில்லை. நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன்.

செயலாளர் இந்த முறை எழுதுவதற்கு முன் என்னைப் பார்த்தார். “ஒருமனதான்னு போடலாமாண்ணே?”

“ஒருத்தர் தூக்கலன்னு போடுங்க.”

அப்படியே எழுதினார். நான் உட்கார்ந்தேன்.

கூட்டம் முடிந்து சாப்பிடும்போது யாரும் கோபமாகப் பேசவில்லை. மகளிர் தலைவி எனக்கு இன்னொரு கரண்டி பருப்பு ஊற்றினார். நான் வீட்டுக்குப் போவதற்குள் மனைவிக்குச் செய்தி போய்விட்டது. “எழுந்து நின்னீங்களாமே?” என்றாள். ஆமாம் என்றேன். “வேட்டி சரியா இருந்துச்சா?” என்று கேட்டாள்.

தீர்மானம் தலைமைக்குப் போனது. தடை எங்கள் பக்கம் இன்னும் முழுசாக வரவில்லை. ஆனால் கைப்பிடிப் பைக்குத் தேவை குறைந்துவிட்டது. இரவு ஷிப்டை எடுத்துவிட்டார்கள். அதில் இருந்த வங்காளதேசத்து ஆட்கள் சிலரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நான் பகலில் அதே பலூனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாது.

முன்பெல்லாம் தலைவர் வழியில் பார்த்தால் “சாப்பிட்டாச்சா?” என்பார். இப்போது “வேல இருக்கா?” என்கிறார். இருக்கிறது என்று சொல்கிறேன். “இல்லன்னா சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை முறுக்குகிறார்.

செனாய், புரட்டாசி முதல் சனிக்கிழமை.