ஜெயக்கொடி வீடு விற்ற செலவு

பத்திரம் எழுதும் தொழிலில் வாங்குபவரைவிட விற்பவருக்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். வாங்குபவர் செலவுக்குத் தயாராக வருவார். விற்பவர் வரவுக்கு மட்டும் தயாராக வருவார். வீடு விற்று அலைந்தவர்களுக்கு இது புதிதல்ல. போடியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டிருக்கும் என்னிடம் ஜெயக்கொடி வந்ததும் அப்படித்தான்.

முழுசாக் கைக்கு வருமா?

ஜெயக்கொடி ஏலக்காய்க் குடோனில் காய் தரம் பிரிப்பவள். போடி வீட்டை விற்றுவிட்டு, தேவாரத்தில் மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டை வாங்க அட்வான்ஸ் கொடுத்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் மீதியைக் கொடுக்காவிட்டால் அட்வான்சும் போய்விடும், அந்த வீடும் போய்விடும்.

முத்திரைத்தாளும் பதிவுக் கட்டணமும் வாங்குபவர் பாடு என்றதும் அவள் முகம் மலர்ந்தது. பிறகு அவள் பக்கத்துச் செலவைச் சொன்னேன்: புரோக்கர் கமிஷன், வீட்டு வரி பாக்கி, தண்ணீர் வரி, கரண்டு பில். நான் சொல்லச் சொல்ல, கொண்டுவந்த கணக்குச் சீட்டை மடித்துக்கொண்டே போனாள்.

"ஏண்ணே, வீட்டை நான் விக்கிறேனா, இல்ல காசு குடுத்து அனுப்பி வைக்கிறேனா?"

அடைத்த கடன்

செவ்வாய்க்கிழமை வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், அவள் என்றோ அடைத்த வங்கிக் கடன் அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. வங்கி பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. ஆனால் கடன் தீர்ந்தது என்ற ரசீதை யாரும் பதிவு செய்யவில்லை. அதைப் பதியாமல் வாங்குபவர் பணம் தரமாட்டார். வங்கி அதிகாரி நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் கட்டணம் உண்டு, அதுவும் விற்பவர் தலையில்தான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடன் அடைத்த கையோடு இதைச் செய்யாமல் எந்தப் புத்திசாலி உன்னைச் சும்மா இருக்கச் சொன்னான் என்று சத்தம் போட்டேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்கதாண்ணே சொன்னீக. எதுக்குத் தண்டச் செலவு, விக்கும்போது பாத்துக்கலாம்னு இதே மேசையில வச்சுத்தான் சொன்னீக."

வெள்ளிக்கிழமை

யோசித்துப் பார்த்தேன்; சொன்னது நான்தான். வெட்கமாகப் போய்விட்டது. ரசீது எழுதக் காசு வாங்கவில்லை, பதிவுக் கட்டணத்தையும் நானே கட்டினேன். புதனும் வியாழனும் வங்கி வாசலில் நின்றேன். அதிகாரிக்கு ஏலக்காய் வியாபாரிகளின் கடன் சோலியே தலைக்கு மேல் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன் என்றார்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணி வரை ஆளைக் காணோம். ஜெயக்கொடி பெஞ்சில் உட்கார்ந்து கணக்குச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள், திட்டியிருந்தால்கூடத் தேவலை. பதினொன்றரைக்கு அவர் வந்தார், கையெழுத்துப் போட்டார். ரசீது பதிவானது, பின்னாலேயே கிரயப் பத்திரமும் பதிவானது. மூன்று மணிக்குள் தேவாரத்துக்காரருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. மூன்று நாளாக இறங்காத சோறு அன்றைக்குத்தான் எனக்கு இறங்கியது.

பஸ்சுக்குக் கிளம்பியவளிடம், தேவாரத்துப் பக்கம் யானை வருமே, பயமில்லையா என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"யானை வந்தா வெடியப் போட்டு வெரட்டிரலாம்ணே. இந்த வில்லங்கத்த வெரட்டத்தான் நாலு நாளாச்சு."

அவளுக்கு நான் மிச்சப்படுத்திக் கொடுத்த கட்டணத்தைக் கடைசியில் நானே கட்டியதிலிருந்து, யாருக்கும் இலவச யோசனை சொல்வதில்லை.