நாத்தனாருக்குத் தெரியாமல் மதுரை

சென்னையிலிருந்து மதுரைக்குச் சென்று ஸ்டேஷன் அருகே லாட்ஜில் தங்கி, தினமும் ரயிலேறிச் சுற்றிவரத் திட்டமிட்டோம். மதுரை ஆனையூரிலுள்ள என் நாத்தனாரிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் விருந்து போட்டே வீட்டைவிட்டு நகரவிடமாட்டார்.

மறுநாள் காலை ராமேஸ்வரம் ரயிலில் ஏறினால், எதிர் சீட்டில் தோழிகளோடு அவரே!

"எப்படா வந்தே?" என்றார் என் கணவரிடம்.

"இப்பத்தான்க்கா. சாயந்திரம் நேரா ஒங்க வீட்டுக்குத்தான்..." என்று இவர் இழுக்க, எங்கள் மகள் முந்திக்கொண்டாள். "அத்தை, எங்க லாட்ஜ்ல ஏசி சூப்பர்!"

எனக்கு வியர்த்துவிட்டது. முறைத்த நாத்தனார், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "நானும் எங்க மாமியாட்ட ஆஸ்பத்திரிக்குப் போறேன்னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன். நீங்க என்னையப் பாக்கல, நான் ஒங்களப் பாக்கல!"

இப்போதெல்லாம் மதுரைக்குக் கிளம்பும் முன் முதல் போன் நாத்தனாருக்குத்தான். லாட்ஜில் அவருக்கும் சேர்த்து ரூம் போட வேண்டுமே!