மாமியாருக்குக் கலந்த கடல்

பெயிண்ட் கடையில் அவருக்குப் பெயர் 'கலவை'. பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். யாராவது ஒரு திரைச்சீலைத் துண்டையோ, சுவரிலிருந்து பெயர்ந்த பொருக்கையோ கொண்டுவந்து "இதே கலர் வேணும்" என்று நீட்டினால், அதை வாசல் வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பிறகு மெஷினில் கொஞ்சம் மஞ்சள், கடுகளவு கறுப்பு என்று இறக்கி, டப்பாவைக் குலுக்கித் திறந்து காட்டுவார். சுவரில் அடித்த பிறகு பழசு எது, புதுசு எது என்று அடித்தவருக்கே தெரியாது.

இவ்வளவு கெட்டிக்காரருக்கு ஒரே ஒரு மனக்குறை. அவர் பேசினால் யாரும் கேட்பதில்லை. வெள்ளையில் எத்தனை வெள்ளை உண்டு என்று அவர் ஆரம்பித்ததும் வாடிக்கையாளரின் கை போனைத் தேடும். முதலாளிக்குத் திடீரென்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். வீட்டம்மாவோ கூரியர் ஆபீஸ் கவுன்ட்டரில் நாள் முழுக்க 'என் பார்சல் எங்கே, என் பார்சல் எங்கே' என்று ஊரார் போடும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஷட்டரை இறக்கும்போதே காதையும் சேர்த்து இறக்கிவிட்டு வருகிறவர். அவரிடம் கலவை என்ன சொன்னாலும் பதில் "ம்". அந்த "ம்" ஒன்றுக்குத்தான் எத்தனை அர்த்தம் என்று கலவை பல வருடம் யோசித்து, கடைசியில் ஒரு அர்த்தமும் இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார்.

அப்படியிருந்தவர் ஒருநாள் பல்வலி என்று போய், பல் டாக்டரின் வரவேற்பறையில் இருந்த கடல்மீன் தொட்டியில் மனதைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். பல் அடைத்ததுகூட அவருக்கு நினைவில்லை. அந்த நிறங்களை எந்த மெஷினிலும் இறக்க முடியாது என்று மட்டும் நினைவிருந்தது. அடுத்த மாதமே கூடத்தில் ஒரு சின்னத் தொட்டி வந்தது. ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள், கொஞ்சம் கல், கொஞ்சம் மணல். தண்ணீர் மட்டும் மீன்கடையிலிருந்து கேன் கேனாக வந்தது.

கொஞ்ச நாளில் டாக்டர் கிளினிக்கை வேறு இடத்துக்கு மாற்றினார். தொட்டியைப் பிரிக்க வேண்டியதாயிற்று. மீன்களைக் கடைக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் ஒரு மூளைப் பவளம் இருந்தது. உள்ளங்கை அகலம், மடிப்பு மடிப்பாகப் பச்சையும் சிவப்பும் குழைந்த சதை. அதைக் கொடுக்க மட்டும் அவருக்கு மனம் வரவில்லை. "புதுத் தொட்டி ரெடியாகற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும் கலவை. ரெண்டு மாசம்தான்" என்று ஒரு வாளியில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு மாதம் ஒன்றரை வருடமாகியும் டாக்டர் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பவளத்துக்குக் குணம் அப்படி. தண்ணீர் பிடித்திருந்தால் பகலெல்லாம் பூரித்துப் பந்தாக உப்பி நிற்கும். பிடிக்காவிட்டால் சதையை உள்ளே இழுத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். என்ன தப்பு செய்தோம் என்று நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். கலவை அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்தார்.

"எங்கம்மாவையா சொல்றீங்க?" என்று வீட்டம்மா இடுப்பில் கை வைத்தார்.

"சேச்சே, எங்கம்மாவைத்தான். உனக்குத்தானே மாமியார்?"

அதற்கு மேல் அந்தப் பெயருக்கு எதிர்ப்பு வரவில்லை.

மாமியார் வந்த பிறகுதான் கலவைக்கு ரோஷம் வந்தது. கலவை என்று பேர் வாங்கிக்கொண்டு தண்ணீரைக் கடையில் வாங்குவதா? ஒரு பெரிய நீல டிரம், பவளத் தொட்டிக்கென்றே விற்கும் கடலுப்புப் பொடி ஒரு வாளி, தண்ணீரைச் சுழற்ற ஒரு குட்டி மோட்டார், சூடாக்க ஒரு ஹீட்டர் எல்லாம் வந்து குளியலறையில் குடியேறின. ஆர்.ஓ. தண்ணீரைப் பிடித்து வைத்தார்.

முதல் கலவையில் கை பழக்கம் காலை வாரிவிட்டது. டிஸ்டெம்பர் பொடியைக் கரைக்கிறவர் எப்போதும் முதலில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு, கட்டி தட்டாமல் கெட்டியாகக் குழைத்துக்கொண்டு, அப்புறம்தான் நீர்க்க விடுவார். உப்பையும் அவர் அப்படியே பதமாகக் குழைத்தார். குழைக்கும்போதே பெருமை தாங்கவில்லை. பிறகு தண்ணீரை விட்டுக் கலக்கினால், டிரம் முழுக்கச் சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்துப்போய், அடியில் வெள்ளை மாவு படிந்தது. எவ்வளவு சுழற்றியும் கரையவில்லை. பவளம் எலும்பு வளர்க்க வேண்டிய சத்தெல்லாம் அந்தக் கெட்டிக் குழைவிலேயே திரண்டு, மாவாகி உட்கார்ந்துவிட்டது.

வீட்டம்மா எட்டிப் பார்த்தார். "பாத்ரூமுக்கு வெள்ளையடிச்சு வருஷக்கணக்காச்சு. வீணாக்காம அதை அப்படியே சுவத்துல அடிச்சிடுங்க."

அன்றிலிருந்து முறை மாறியது. முதலில் டிரம் நிறையத் தண்ணீர், அதைச் சுழலவிட்டு, பிறகு உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். ஒரு நாள் ஊறிய பின், உப்பு பார்க்கும் குழாயின் கண்ணாடியில் ஒரு சொட்டு வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். கோடு முப்பத்தைந்தில் நிற்க வேண்டும்.

"என்ன, கப்பல் ஏதாவது தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே வீட்டம்மா துண்டோடு நிற்பார். டிரம் ஓடும் நாளில் குளியலறையில் ஒரு காலை வைத்துத்தான் குளிக்க முடியும்.

சாப்பாட்டு நேரத்தில் பாடம் நடக்கும். "இதோ பாரும்மா, தொட்டியிலேர்ந்து தண்ணி மட்டும்தான் ஆவியாப் போகும். உப்பு போகாது. அதனால குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும். அதுக்கும் உப்புத் தண்ணியையே ஊத்தினா, உப்பு நாளுக்கு நாள் ஏறிக்கிட்டே போகும். கேக்கறியா?"

"ம்."

"என்ன சொன்னேன்?"

"ஏதோ தண்ணி."

கலவை பெருமூச்சு விட்டுவிட்டு, மாமியாரிடம் போய் மீதியைச் சொல்லி முடிப்பார். அது கேட்கிற மாதிரி உப்பி நிற்கும்.

இப்படி இருக்கையில் டாக்டரிடமிருந்து போன் வந்தது. "கலவை, தொட்டி ரெடி! அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். ரொம்ப சிரமம் கொடுத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர். வாங்க, வாங்க" என்றார் கலவை. போனை வைத்தபோது முகத்தில் ஈயாடவில்லை. அடுத்தவர் பொருள். எந்த வாயால் தரமாட்டேன் என்பது? அன்று மாலை அவர் வெள்ளையைப் பற்றியும் பேசவில்லை, உப்பைப் பற்றியும் பேசவில்லை. வீட்டம்மா இரண்டு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

போதாக்குறைக்கு அந்த வாரமே முதலாளி அவரைப் புது மெஷின் பழக வெளியூருக்கு அனுப்பினார். கிளம்பும் முன் கலவை இரண்டு கேன்களை நிரப்பி, மூடிக்குப் பெயிண்ட் அடித்து வைத்தார். வெள்ளை மூடியில் நல்ல தண்ணீர், நீல மூடியில், திரும்பி வந்ததும் தொட்டியில் மாற்றுவதற்கான உப்புத் தண்ணீர். "வெயில் நேரம், சீக்கிரம் வத்தும். தினமும் தொட்டியில போட்டிருக்கற கோடு வரைக்கும் வெள்ளை மூடி ஊத்து. நீலத்தைத் தொடவே தொடாதே."

"ம்" என்றார் வீட்டம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை கலவை பையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது டாக்டர் மடியில் வாளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருவரும் ஒன்றாகத்தான் தொட்டியைப் பார்த்தார்கள். மாமியார் வற்றிப்போய்க் கிடந்தது. சதையெல்லாம் உள்வாங்கி, எலும்பின் வெள்ளை விளிம்பு பல் பல்லாகத் தெரிந்தது.

டாக்டர் குனிந்து, வாயைத் திறக்கச் சொல்லப் போகிறவர் மாதிரி உற்றுப் பார்த்தார். "ஈறு இறங்கிட்ட மாதிரி இருக்கே கலவை. இந்த நிலைமையில எடுத்தா வழியிலேயே போயிடும். இருக்கட்டும். தேறிச்சுன்னா சொல்லுங்க." பிறகு தயங்கி, "தண்ணி நீங்களே கலக்கறீங்க இல்ல? அதுலதான் ஏதோ தப்பு" என்றார்.

இருபது வருடமாகக் கடையில் ஒரு டப்பா திரும்பி வந்ததில்லை கலவைக்கு. காது மடல் சுட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் வீட்டம்மா முந்திக்கொண்டார். "ஆமா டாக்டர், இப்ப அசைக்கவே கூடாது. நீங்க டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

டாக்டர் போனதும் கலவை உப்புக் குழாயை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினார். கோடு முப்பத்தெட்டையும் தாண்டி நின்றது. போய்க் கேன்களைப் பார்த்தார். வெள்ளை மூடிக் கேன் கழுத்து வரை நிறைந்திருந்தது. நீல மூடி காலி.

கோபம் வரவில்லை. பாவம், கவுன்ட்டரில் களைத்து வருகிறவர். "மாத்தி ஊத்திட்டியேம்மா" என்றார்.

"மாத்தியா? சரியாத்தான் ஊத்தினேன்."

"நீலத்தை ஊத்தியிருக்கே."

"ஆமா. தண்ணிதான் ஆவியாகும், உப்பு போகாது. உப்புத் தண்ணியையே ஊத்தினா உப்பு ஏறும். ஒரேயடியா ஏறினாத்தான் பவளம் சாகும். நாளுக்குக் கொஞ்சமா ஏறினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கும், அவ்வளவுதான். மறுபடி மெதுவா இறக்கினா தேறிடும். இதெல்லாம் யார் சொன்னது? நீங்கதானே?"

கலவை சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

"டாக்டர் போன் பண்ணின மறுநாள் காலையில அது முன்னாடி நின்னு கண்ணைத் துடைச்சீங்க. கேட்டா, கண்ணுல சோப்பு பட்டுடுச்சுன்னீங்க. நீங்க அன்னிக்குக் குளிக்கவே இல்ல. டிரம் ஓடிக்கிட்டிருந்துது" என்றார் வீட்டம்மா. "அது மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா அவரு விட்டுட்டுப் போயிடுவாருன்னு பார்த்தேன். போயிட்டாரா இல்லையா?"

"நீ கேட்டுக்கிட்டா இருந்தே? இத்தனை நாளும்?"

"வேற வழி? பக்கத்து வீட்டு வரைக்கும் கேக்குது."

திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியாமல் கலவை எழுந்து போய் டிரம்மில் தண்ணீர் பிடித்தார்.

தொட்டித் தண்ணீரில் தினமும் கொஞ்சம் எடுத்துவிட்டு நல்ல தண்ணீர் விட்டு, அவசரப்படாமல் உப்பை இறக்கினார். கோடு முப்பத்தைந்துக்கு வந்தது. சில நாள் முறுக்கிக்கொண்டிருந்த மாமியார், ஒருநாள் காலை முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு உப்பி, பச்சை விளிம்பு மணலில் புரள விரிந்து நின்றது. கலவைக்குத் தலைகால் புரியவில்லை. இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். வீட்டம்மா வேலைக்குப் போயாயிற்று. பவளம் விரிவதன் அருமை தெரிந்த இன்னொருவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். போனை எடுத்தார்.

"டாக்டர்! வந்து பாருங்க! உங்க கிளினிக்லகூட இப்படி விரிஞ்சிருக்காது!" என்று வாயெல்லாம் பல்லாகப் பெருமையடித்து முடித்த பிறகுதான், யாரிடம் என்ன சொல்லித் தொலைத்தோம் என்று உறைத்தது.

"பிரமாதம்! ஞாயித்துக்கிழமை வாளியோட வந்துடறேன்" என்றார் டாக்டர்.

விஷயம் தெரிந்ததும் வீட்டம்மா தலையில் அடித்துக்கொண்டார். "நான் அவ்வளவு கஷ்டப்பட்டு உப்பு ஏத்தினேன். நீங்க வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கக் கூடாதா?"

ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்தார். பார்த்தார், மலர்ந்தார். வாளியில் தொட்டித் தண்ணீரை மொண்டுகொண்டே, "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காதீங்க. இனிமே தண்ணி கலக்கறதை விட்டுடுங்க. கடையிலயே வாங்குங்க. மிச்சம் இருக்கற மீனுங்களாவது பிழைக்கட்டும்" என்றார்.

"சரி டாக்டர்" என்றார் கலவை, தரையைப் பார்த்துக்கொண்டு. மனைவியைக் காட்டிக்கொடுப்பதைவிடக் கெட்ட கலவைக்காரன் என்று பேர் வாங்குவது மேல்.

"அவர் தண்ணியில ஒரு தப்பும் இல்ல டாக்டர்" என்று வீட்டம்மாவின் குரல் உயர்ந்தது. கவுன்ட்டர் குரல். "நான்தான் வேணும்னே உப்புத் தண்ணியை ஊத்தி அதைச் சுருங்க வச்சேன். நீங்க எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னு. தப்பு என்மேல. அவர் கலந்த தண்ணியை ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்ல எனக்காக ஒரு கொசுவைக்கூட ஏமாத்தினதில்லைங்க" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேணும்னா... இங்கயே இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

கலவை ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குத்தான். ஆனால் கேள்வி வந்தபோது அவருக்கு அது அவ்வளவு பெரிதாகப் படவில்லை. தன் தண்ணீருக்காக ஒருத்தி இப்படிச் சண்டைக்கு நின்று இன்றுதான் பார்க்கிறார். "வேண்டாம் டாக்டர். உங்களுது. நீங்க வளர்த்தது" என்று கையைக் கழுவிவிட்டு, தொட்டிக்குள் விட்டு, மாமியாரைத் தண்ணீரோடு தண்ணீராகத் தூக்கி வாளியில் வைத்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அதை மறைக்க அவர் மெனக்கெடவில்லை.

வாளிக்குப் பின்னால் வீட்டம்மாவும் படியிறங்கிப் போனார். கலவை பால்கனியில் நின்றார். கீழே கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு வீட்டம்மா டாக்டரை விடாமல் நிறுத்தி வைத்திருந்தார். "போனதும் தூக்கிப் போட்றாதீங்க. உங்க தண்ணியைச் சொட்டுச் சொட்டா வாளியில விட்டுப் பழக்குங்க. லைட்டை ரெண்டு நாளைக்குக் குறைச்சு வைங்க. குறையற தண்ணிக்கு நல்ல தண்ணிதான். ஏன்னா, உப்பு ஆவியாகாது. கேக்கறீங்களா?"

"ம்" என்றார் டாக்டர், கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு.

மேலே நின்றவர், திருத்திச் சொல்ல ஒரு தப்பாவது அகப்படுமா என்று கடைசி வரை காது கொடுத்துக் கேட்டார். ஒன்றுகூட அகப்படவில்லை.