மூணு வீடு கட்டினவர் ஊட்ட போகணுமாம்

ஓட்டோ ஓடுறவன் ஊருக்கு நல்லவனா இரிக்கணுமெண்டா, ஏறினவர் சொல்ற இடத்துல இறக்கணும், ஏன் எதுக்கெண்டு கேக்கப்படாது. கல்முனையில பதினாறு வருஷமா நான் அப்படித்தான் ஓடினன். உங்கட வீட்டிலயும் மறதி புடிச்ச ஒராள் இரிந்தா, நான் விட்ட பிழைய நீங்களும் விட்டிருப்பீங்க.

மருமகன்ட ஊடு

ஆதம்பாவா எனக்கு ஊர் முறைக்குத்தான் மாமா, வேலை மேசன். மூணும் பொம்புளப் புள்ளைகள். எங்கட பக்கத்து வழக்கம் தெரியும்தானே, மகள் கலியாணம் முடிச்சா வீடு அவளுக்கு, தாய் தகப்பன் ஒதுங்கி வேற வளவுக்குப் போகணும். மாமா தன்ட கையாலயே மூணு கல்வீடு கட்டினார், மூணையும் எழுதிக் குடுத்தார், மூணு தரம் சாமான் தூக்கினார். மாமி மௌத்தான பிறகு கடைசி மகள் நஸீமாவோட இரிந்தார்.

ஒரு நாள் லுஹர் தொழுதுபோட்டு பள்ளியடியில ஏறினார். "ஊட்ட போ மனே" எண்டார். வீட்டுக்கெண்டா நஸீமாட வாசல்தானேயெண்டு அங்க கொண்டுபோனன். இறங்க மாட்டாராம், கம்பிய இறுக்கிப் புடிச்சிக்கிட்டு இரிக்கார். நஸீமா வெளிய வந்து கையப் புடிச்சா. மாமா என்னப் பாத்துத்தான் சொன்னார்: "இது மருமகன்ட ஊடு மனே. நாம எப்படி இஞ்ச இரிக்கிற?"

பூச்சு

எழுதிக் குடுத்த உறுதிப்படி பாத்தா அது அவர்ட வீடில்ல, மனிசன் சொன்னதுல பிழையில்ல. இவ்வளவு சரியாக் கதைக்கிறவருக்கு நோய் வருத்தமெண்டு நான் எப்படி நினைப்பன்?

அடுத்த கிழமை மூத்த மகள்ட வீட்டுக்கு விடச் சொன்னார். சிரிச்சிக்கிட்டே இறங்கினார். உள்ளுக்குப் போனவர் இரிக்கல்ல. சுவர விரலால தட்டித் தட்டி அறை அறையா, குசினி வரைக்கும் போனார். மகள் தேத்தண்ணி ஊத்தி வெச்சிட்டு, "இரிங்களேன் வாப்பா" எண்டா. மாமா தொப்பியச் சரியாக்கி, ரெண்டு அடி தள்ளி நிண்டு மரியாதையாச் சொன்னார்: "வேணாம் தங்கச்சி. பூச்சு காஞ்சிட்டா எண்டு பாக்கத்தான் வந்த. ஊட்டுக்காரர் வந்தாச் சொல்லுங்க."

பள்ளி விசாரணை

பிறகு நாள் தவறாம இதே ஓட்டம். ஒரு வீட்டுல இறங்கினா அரை மணித்தியாலத்துல மத்த வீட்டுக்கு. வயசான மனிசன் வீடு வீடாத் திரிஞ்சா ஊர் சும்மா இரிக்குமா? மகள்மார் துரத்துறாளுகள் எண்டு கதை கிளம்பி, கதை பள்ளிக்குப் போச்சி. எங்கட பள்ளியில காணிச் சண்டை, புருஷன் பெஞ்சாதி சண்டை எல்லாம் விசாரிச்சித் தீர்ப்பாங்க, நல்லாத்தான் தீர்ப்பாங்க. இதையும் சண்டையாத்தான் எடுத்தாங்க.

சாட்சிக்கு என்னக் கூப்பிட்டாங்க. நஸீமாட வாசலில அவர் சொன்னத, ஒரு சொல்லுக் கூட்டாமக் குறைக்காமச் சொன்னன். எனக்கு அதுல கொஞ்சம் பெருமை வேற. நஸீமாட மாப்பிள்ள தலையக் குனிஞ்சிக்கிட்டார். பள்ளித் தலைவர் தீர்த்தார்: "மாசத்துக்கு ஒரு மகள் எண்டு வெச்சிக்கங்க. வாப்பாக்கும் மனம் ஆறும், ஊருக்கும் வாய் மூடும்."

வயல் ரோட்டு

மாசம் முடிய முடிய நான்தான் அவரையும் உடுப்புப் பேக்கையும் ஏத்தி இறக்கினன். ஒவ்வொரு வீட்டுலயும் கக்கூசு ஒவ்வொரு பக்கம். ரெண்டாவது மகள்ட வீட்டுல அவர் அலுமாரியத் திறந்து அதுக்குள்ள ஒண்டுக்கிருந்தார். மருமகன் சத்தம் போட்டார். மாமா சின்னப் புள்ள மாதிரி அழுதார்.

நாலாவது மாசம் ஆளக் காணல்ல. பள்ளி ஸ்பீக்கரில அறிவிச்சாங்க, ஸ்டாண்டுல நிண்ட ஓட்டோ எல்லாம் நாலா பக்கமும் போச்சி. நான் சொறிக்கல்முனைப் பக்கம் வயல் ரோட்டுல கண்டன். நல்ல வெயில். ஒரு காலுல செருப்பில்ல. வரம்புல இரிந்து சோறு தின்றார். வயல்காரர் ஒருவர் தன்ட சோத்துப் பார்சல அவருக்குக் குடுத்துட்டுக் குடை புடிச்சிக்கிட்டு நிண்டார். என்னக் கண்டதும் அந்த மனிசன் மெதுவாச் சொன்னார்: "வீடு எங்கயெண்டு கேட்டன் தம்பி. இன்னும் கட்டி முடியல்ல எண்டு சொல்றார்."

மணிக்கூடு

ஜின் புடிச்சதெண்டு ஓதின தண்ணி, நூல் எல்லாம் ஏற்கெனவே பாத்தாச்சி. அடுத்த நாள் நஸீமா பிடிவாதமா ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னா. ஆளப் புடிக்க என்னையும் உள்ளுக்குக் கூட்டிப் போனா. டாக்டர் இளம் பொம்புள. மாமாட்டக் கடதாசியக் குடுத்து ஒரு மணிக்கூடு கீறச் சொன்னா. மூணு வீட்டுக்கு அளவு போட்ட கை. வட்டம் வந்திச்சி, இலக்கமெல்லாம் ஒரு பக்கத்துல குவிஞ்சி கிடந்திச்சி.

டிமென்ஷியா எண்டா. அதுல இவருக்கு அல்சைமர். மூளையில வாற நோய். வயசுக் கோளாறும் இல்ல, ஜின்னும் இல்ல, மகள்மாரில கோவமும் இல்ல. சுகமாக்கி மாத்த மருந்தில்ல, சமாளிக்கக் கொஞ்சம் இரிக்கி. ஒரே வீடு, ஒரே கட்டில், தினம் ஒரே முகம் வேணுமாம். நான் மாச முறையப் பத்திச் சொன்னன். பேனைய வெச்சிட்டு, நீங்க அவருக்கு ஆரெண்டு கேட்டா. ஓட்டோக்காரன் எண்டன். "அப்ப முதல்ல நீங்க அவரக் கொண்டு திரியிறத நிப்பாட்டுங்க."

ரெண்டாவது சாட்சி

அண்டைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளித் தலைவரிட்டப் போனன். என்ட சாட்சி பிழையெண்டன். "பொய்யா சொன்ன நீ?" எண்டார். "அவர் சொன்னதத்தான் சொன்னன். அவருக்கு வருத்தமெண்டது தெரியாமச் சொன்னன்" எண்டு டாக்டர் சொன்னதெல்லாம் ஒப்புவிச்சன்.

தலைவர் மருமகன்மாரக் கூப்பிட்டுத் தீர்ப்ப மாத்தினார். மாமா நஸீமாவோடயே, மத்த மகள்மார் அங்க வந்து பாக்கணும். எல்லாரும் எழும்பிப் போன பிறகு என்னட்ட மட்டும் சொன்னார்: "எங்கட உம்மாவும் கடைசியில என்னப் பாத்து ஆரெண்டு கேட்டவ. நான் கோவிச்சிக்கிட்டு ரெண்டு வருஷம் அவட வாசலுக்குப் போகல்ல தம்பி."

மாமா இப்ப நஸீமாவ 'உம்மா' எண்டு கூப்பிடுறார், அவளும் 'ஓம் மனே' எண்டுறா.

உங்கட வீட்டு வாசலிலயும் ஒராள் நிண்டுக்கிட்டு ஊட்ட போகணுமெண்டா, பஞ்சாயத்துக்கு முதல் டாக்டரிட்டக் கூட்டிப் போங்க, ஏனெண்டா அவர் கேக்கிற அந்த ஊட்டுக்கு எங்கட ஸ்டாண்டுல எந்த ஓட்டோவும் ஓடுறதில்ல.