சேற்றில் கழட்டிய சப்பாத்து

நோர்வேயில், குரோருட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்டப் புது வீதி போடத் தோண்டியபோது பழைய குழிகள் சில வெளிப்பட்டன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவற்றைச் சனத்துக்குக் காட்டினார்கள். நானும் மனைவியும் போனோம்.

ரோமர் காலத்துக் குழிகள் என்றார் அங்கே நின்ற தொல்லியல் ஆய்வாளர், ஒரு பெண். ரோமர் இந்தப் பக்கம் வந்ததேயில்லை. அந்தக் காலத்துக்கு நோர்வேயில் அப்படித்தான் பெயர். குழிகளுக்குள் கரியும் நெருப்பில் வெடித்த கற்களும் கிடந்தன. “இது கும்பிட்ட இடம் என்று சிலர் சொல்கிறார்கள்,” என்று அவர் தொடங்கியதுதான் தாமதம், என் மனைவி சப்பாத்தைக் கழட்டிவிட்டாள். அந்தச் சேற்றில், காலுறையோடு!

எனக்கு மானம் போனது. “சப்பாத்தைப் போடும், ஆக்கள் பாக்கினம்,” என்று பல்லைக் கடித்தேன்.

“நிச்சயமில்லை,” என்றார் ஆய்வாளர். “வெறும் சமையல்தான் என்பவர்களும் உண்டு. வாதம் இன்னும் முடியவில்லை.”

மனைவி என் பக்கம் திரும்பினாள். “என்னப்பா, தைப்பொங்கலுக்கு நாங்கள் பொங்குறது சமையலோ, கும்பிடுறதோ?”

வருசா வருசம் பனிக்குள் பால்கனியில் அடுப்பு வைக்கிறவளிடம், “குசினிக்குள்ளை வைச்சால் பொங்காதோ?” என்று எரிந்து விழுகிறவன் நான்தான்.

அவள் அதே கேள்வியை நோர்வேஜிய மொழியில் ஆய்வாளரிடமும் கேட்டாள். “அதுதான் எங்களுக்கும் தெரியவில்லை!” என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

இந்த முறை தைப்பொங்கலன்று பால் பொங்கி வழிந்தபோது மனைவி திரும்பி என் காலைப் பார்த்தாள். செருப்பை உள்ளே விட்டுவிட்டுப் பனியில் நின்றுகொண்டிருந்தேன். கால் விறைத்தது. உள்ளே போகத்தான் மனம் வரவில்லை.