நாலாவது ரெனர் மேளம்

கனடாவில், விட்பியில் இருக்கும் பாக்பைப் குழல் வாசிக்கும் குழுவில் நான் சேர்ந்தபோது அங்கே மூன்று பேர் ரெனர் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். பஞ்சு உருண்டை வைத்த கோல்களைச் சுழற்றிச் சுழற்றி அடிக்கும் மேளம் அது. அந்தச் சுழற்றலில் ஆசைப்பட்டுத்தான் ஸ்காபரோவிலிருந்து போய் நாலாவது ஆளாக நின்றேன்.

கோடைப் போட்டி நெருங்கியபோது, மூன்று பேர் போதுமா நாலு பேர் வேணுமா என்று பேச்சு வந்தது. உள்ளே நின்று அடிக்கிறவர்களுக்கு அது விளங்காது என்றார் குழுத் தலைவர். அதனால், என்னை ஏற்றிப்போக வந்து காரில் காத்திருந்த என் கணவரைக் கூப்பிட்டு, தூரத்தில் நின்று கேட்கச் சொன்னார்.

முதலில் நாலு பேரும் அடித்தோம். பிறகு நான் விலகி வந்து கணவருக்குப் பக்கத்தில் நின்றேன். மற்றவர்கள் அதே பாட்டைத் திரும்ப வாசித்தார்கள்.

எது நல்லது என்று தலைவர் கேட்டார். கணவர் என்னை ஒருக்கால் பார்த்தார். பிறகு, மூன்று பேர் அடித்தால்தான் குழல் தெளிவாகக் கேட்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார்.

காரில் ஏறியதும், "இஞ்சரும், கோபமோ?" என்றார்.

"இல்லையப்பா. பக்கத்தில நிண்டு நானும் கேட்டனான்தானே. எவ்வளவு வடிவாக் கிடந்தது!"

போட்டிக்கு மூன்று பேர், ஊர்வலத்துக்கு நாலு பேர் என்று முடிவாயிற்று. போட்டியன்று புல்லில் இருந்துகொண்டு, எங்கள் குழு வாசித்தது முழுவதையும் ஆறுதலாகக் கேட்டேன். அடுத்து வந்த ஊர்வலத்தில் ஆசை தீரக் கோல் சுழற்றினேன். தெருவோரத்தில் நின்ற கணவர் படம் எடுக்க மறந்துபோய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.